தெரியாது என்று நான் சொல்லவில்லை

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் நடத்தும் ஆசிரியை நான். லூப் என்று நாங்கள் சொல்கிற, பாடநூல் மடக்கு என்று சொல்கிற பாடத்தைப் பல ஆண்டுகள் எனக்கே சரியாகப் புரியாமல் நடத்தினேன். புரியவில்லை என்பதை மாணவிகளிடம் மறைத்தேன். அது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அவர்களைக் கேள்வி கேட்க விடாமல் செய்தேன். ஒரு மாணவி சரியாக எழுதிய விடையைத் தவறு என்று அடித்தேன். அவள் எழுதியதுதான் சரி என்று அன்று இரவே தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகும் திருத்தவில்லை. இவ்வளவும் நான் செய்தவை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை.

லூப் என்பது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை. அந்தப் பாடம் வரும்வரை நிரல் எழுதுவது பிள்ளைகளுக்குப் பெரிய சிரமமில்லை. முதல் வரி, இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று கதை படிப்பதுபோல மேலிருந்து கீழே படித்துக்கொண்டே போகலாம். லூப் வந்ததும் அந்த வாசிப்பு செல்லாது. கடைசி வரிக்கு வந்தவர் மறுபடி மேலே ஏற வேண்டும். எழுதியிருப்பது ஒரே வரி. ஆனால் அது பத்து முறை இயங்குகிறது. ஒவ்வொரு முறையும் மாறியில், அதாவது மதிப்பை வைத்திருக்கும் பெயரில், வேறு மதிப்பு இருக்கிறது. இப்போது நடப்பது எத்தனையாவது சுற்று, இந்தச் சுற்றில் மாறியின் மதிப்பு என்ன, அடுத்த சுற்று உண்டா இல்லையா என்று மூன்றையும் ஒரே சமயத்தில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தாளில் இருப்பது ஒன்று, இயங்கும்போது நடப்பது வேறொன்று என்பதைப் பிள்ளைகள் முதன்முதலில் சந்திக்கும் இடம் இது. அதனால்தான் இங்கே தடுமாறுகிறார்கள்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் தடுமாறவில்லை. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் எலியட் சோலோவேயும் அவருடைய சகாக்களும் 1983 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு லூப்பைப் பற்றியதே. 99999 என்ற எண் வரும்வரை எண்களை வாங்கிக்கொண்டே இரு, கடைசியில் வந்த அந்த 99999 ஐச் சேர்க்காமல் சராசரி சொல் என்பது அவர்கள் கொடுத்த கணக்கு. கேட்பதற்கு எளிது. பல்கலைக்கழக மாணவர்களே அதில் திணறினார்கள். லூப்பின் நடுவிலிருந்து வெளியேற வழி கொடுத்தபோது மாணவர்கள் மேலும் நன்றாக எழுதினார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. ஆக, இந்தப் பாடம் கடினமானது என்பதும், எங்கே கடினம் என்பதும் நான் வேலைக்கு வருவதற்கு முன்பே தெரிந்திருந்த செய்தி. நான் தேடிப் பார்க்கவில்லை. பிள்ளைகள் தடுமாறியபோது அவர்கள் பெயரை மெல்லக் கற்போர் பட்டியலில் எழுதினேன். "லூப்பை விட்டுரும்மா, ஒன் மார்க்கை மட்டும் பாத்துக்கோ" என்று சொன்னேன். அதைக் கரிசனம் என்றும் நம்பினேன்.

நான் கற்ற விதத்தையும் சொல்ல வேண்டும். கல்லூரியில் சி மொழி படித்தேன். ஃபார் லூப்பில் அடைப்புக்குறிக்குள் மூன்று பகுதிகள், நடுவே இரண்டு அரைப்புள்ளிகள் என்று எழுதிப் பழகினேன். ஃபேக்டோரியல், ஃபிபொனாச்சி, பகா எண் ஆகிய நிரல்களை வரி மாறாமல் மனப்பாடம் செய்தேன். தேர்வில் அவையே வந்தன. முதல் வகுப்பில் தேறினேன். எண்களை மாற்றிக் கொடுத்திருந்தால் எழுதியிருப்பேனா என்று அன்று யாரும் கேட்கவில்லை; நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆசிரியையாக வந்தபோது பன்னிரண்டாம் வகுப்பில் சி++ இருந்தது. மனத்தில் இருந்த அதே நிரல்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். அவர்களும் எழுதிக்கொண்டார்கள்.

2018 இல் புதிய பாடத்திட்டம் வந்தது. சி++ பதினொன்றாம் வகுப்புக்குப் போயிற்று. 2019 இல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான் வந்தது. அதற்கான பயிற்சி வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன். புரியாத இடங்கள் இருந்தன. அனுபவமுள்ள ஆசிரியை எழுந்து இதைக் கேட்பதா என்ற தயக்கத்தில் வாய் திறக்காமல் திரும்பி வந்தேன்.

பைத்தானில் லூப்பின் சுற்றுகளுக்கான எண்களை ரேஞ்ச்(1, 10) என்று எழுதினால் 1 முதல் 9 வரைதான் வரும், 10 வராது. பிள்ளைகள் எல்லோருமே தவறும் இடம் அது. "கடைசி நம்பர்ல ஒன்னு குறைச்சுக்கோங்க, மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன். ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒரு வகுப்பிலும் நான் சொன்னதில்லை, எனக்குத் தெரியாததால். காரணம் இருக்கிறது. தொடக்க எண் உள்ளே, முடிவு எண் வெளியே என்று வைத்துக்கொண்டால், முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தாலே எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடும். 0 முதல் 5, 5 முதல் 10 என்ற இரண்டு வீச்சுகளை அடுத்தடுத்து வைத்தால் இடையில் எதுவும் விடுபடாது, எதுவும் இரண்டு முறை வராது. பத்து உறுப்புள்ள பட்டியலின் இடங்கள் 0 முதல் 9 வரை என்பதோடும் அது பொருந்திப் போகிறது. எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக் கணினி அறிஞர் 1982 இலேயே இந்த வாதத்தைச் சில பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறார். பத்து நிமிடத்தில் விளக்கக்கூடிய ஒன்றை மனப்பாடச் சரக்காக்கிப் பிள்ளைகள் தலையில் ஏற்றினேன்.

மறைப்பதற்கு எனக்கு வசதியாக இருந்தது ரெக்கார்டு நோட்டு. வலப் பக்கத்தில் நிரல், இடப் பக்கத்தில் பென்சிலால் அவுட்புட். லேபுக்குப் போவதற்கு முன்பே அவுட்புட்டையும் எழுதிவிடச் சொன்னேன். நிரலை இயக்கிப் பார்ப்பதற்கு முன்பே அது என்ன தரும் என்று நோட்டில் இருக்கும். திரையில் வருவது அதோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும். ஒத்துப்போகாவிட்டால் எங்கோ தட்டச்சுப் பிழை. இப்படி நடந்த லேபில் ஒரு மாணவிக்கும் எதையும் கண்டுபிடிக்க வழியில்லை. 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 செய்முறைக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. இந்த மூன்றிலும் மதிப்பெண் வாங்கிக் கொடுக்க மனப்பாடம் போதுமாக இருந்தது. எங்கள் பள்ளியில் என் பாடத்தில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. கூட்டத்தில் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

லேபில் பிள்ளைகளிடமிருந்து நான் பறித்தது அவர்களுடைய தவறுகளை. 1 முதல் 10 வரை கூட்டும் நிரலில் பிரிண்ட் வரியை ஒரு மாணவி லூப்பின் உள்ளே தள்ளி எழுதிவிடுவாள். 55 என்று ஒரு விடை வர வேண்டிய இடத்தில் 1, 3, 6, 10 என்று பத்து வரிகள் வரும். உடனே நான் குனிந்து, விசைப்பலகையை என் பக்கம் இழுத்து, அந்த வரியின் முன்னால் இருந்த இடைவெளியை அழித்துவிட்டு "இப்ப ரன் பண்ணு" என்பேன். 55 வரும். அவள் அடுத்ததற்குப் போவாள். அந்தப் பத்து வரிகள்தான் அன்றைய பாடம் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டுத்தொகை ஒவ்வொரு சுற்றிலும் எப்படி வளர்கிறது என்பதைத் திரையே வரிசையாக எழுதிக் காட்டியிருக்கிறது. இன்னொருத்தி கூட்டுத்தொகையைச் சுழியமாக்கும் வரியை லூப்பின் உள்ளே வைத்துவிடுவாள். ஒவ்வொரு சுற்றிலும் தொகை அழிந்துபோய்க் கடைசியில் 10 மட்டும் மிஞ்சும். ஏன் பத்து என்று அவளையே கேட்டிருந்தால், தொடக்க மதிப்பை லூப்புக்கு வெளியே வைக்க வேண்டிய காரணத்தை அவளே சொல்லியிருப்பாள். அந்த வாய்ப்பையும் என் கையால் அழித்தேன்.

ஒரு நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சுற்றும் வைல் லூப்பில் மாறியின் மதிப்பைக் கூட்டும் வரியை மறந்துவிட்டால் நிபந்தனை எப்போதும் மெய்யாகவே இருக்கும், லூப் நிற்காது. திரை முழுக்க 1, 1, 1 என்று ஓடிக்கொண்டே இருக்கும். முதன்முதலில் பார்க்கும் பிள்ளை பயந்துபோகும். கன்ட்ரோலும் சி-யும் சேர்த்து அழுத்தினால் நின்றுவிடும். கணினிக்கு ஒரு கெடுதலும் வராது. அதைச் சொல்லித் தர வேண்டிய நான், "மெஷினைக் கெடுத்துராத, யாரு காசு கொடுக்கறது" என்று சத்தம் போட்டேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் பலரும் வைல் லூப் பக்கமே போகவில்லை. ஃபாரில் எழுத முடியாத கணக்கு வந்தால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

இனி அந்த மாணவியின் விஷயத்தைச் சொல்கிறேன்.

பைத்தானில் லூப்புக்கும் எல்ஸ் உண்டு. வேறு பல மொழிகளில் இஃப்புக்கு மட்டும் உள்ள பகுதி அது. "லூப் முடிஞ்சா எல்ஸ் பகுதி வரும்" என்று நடத்தினேன். மாதத் தேர்வில் ஒரு சிறு நிரல் கொடுத்து அவுட்புட் எழுதச் சொன்னேன். 1 முதல் 5 வரை போகும் ஃபார் லூப். மாறியின் மதிப்பு 3 ஆனதும் பிரேக், அதாவது லூப்பிலிருந்து வெளியேறு. அப்படி ஆகாதவரை மதிப்பை அச்சிடு. எல்ஸில் "முடிந்தது" என்று அச்சிடு. வகுப்பில் எல்லோரும் 1, 2, முடிந்தது என்று எழுதியிருந்தார்கள். ஒருத்தி மட்டும் 1, 2 என்று எழுதி நிறுத்தியிருந்தாள். சிவப்பு மையால் அடித்து மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

மறுநாள் விடைத்தாளோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள்.

"மிஸ், இது லேப்ல போட்டுப் பாத்தேன் மிஸ். முடிந்தது வரல மிஸ்."

அறையில் மற்ற ஆசிரியைகள் இருந்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"உன்ன யாரு இதையெல்லாம் லேப்ல போடச் சொன்னா? ரெக்கார்டுல இருக்கறத மட்டும் போடு. நீ எனக்குச் சொல்லித் தர வேணாம்."

"சரி மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அன்று இரவு வீட்டில் மடிக்கணினியைத் திறந்து அதே நிரலைத் தட்டிப் பார்த்தேன். 1, 2. அவ்வளவுதான் வந்தது. பிறகு தேடிப் படித்தேன். லூப் தன் எல்லாச் சுற்றுகளையும் முடித்தால் மட்டுமே எல்ஸ் இயங்கும். பிரேக்கால் நடுவில் வெளியேறினால் எல்ஸும் தவிர்க்கப்படும். எல்ஸை அங்கே வைத்த நோக்கமே அதுதான். 91 பகா எண்ணா என்று பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2 இலிருந்து ஒவ்வொரு எண்ணாக வகுத்துக்கொண்டு போகிறோம். 7 ஆல் மீதியின்றி வகுபடுகிறது. அங்கேயே பிரேக், பகு எண் என்று சொல்லி வெளியேறிவிடுகிறோம். 97 என்றால் எதனாலும் வகுபடாமல் லூப் இறுதிவரை போகும். அப்போது எல்ஸ் வந்து பகா எண் என்று சொல்லும். நான் வகுப்பில் சொன்னபடி எல்ஸ் எப்போதும் வருமென்றால் 91 பகு எண்ணாகவும் பகா எண்ணாகவும் ஆகிவிடும். பகா எண் நிரலை எத்தனையோ முறை பலகையில் எழுதியவள் இதை ஒரு முறைகூட யோசித்ததில்லை.

உண்மை தெரிந்துவிட்டது. காலையில் வகுப்புக்குப் போனதும் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். நான் சொல்லவில்லை. இதை ஒத்துக்கொண்டால் நாளைக்கு நான் சொல்கிற எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்களே என்று பயந்தேன். கணினிப் பாடத்தில் ஒரு மாணவி செய்ய வேண்டிய மிகச் சரியான காரியம் அதுதான். அதற்குத்தான் நான் பயந்தேன். அந்த வகுப்புக்குத் தவறான விதியே தங்கிவிட்டது. அவளுக்குக் குறைத்த மதிப்பெண் குறைந்தபடியே இருந்தது. அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்கவில்லை. வகுப்பு அமைதியாக இருக்கிறது என்று தலைமையாசிரியரிடம் நல்ல பெயர் கிடைத்தது.

என் தரப்பில் சொல்வதற்குச் சில காரணங்கள் உண்டு. லேபில் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கணினிகள் போதாது. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் விளக்கம் கேட்பார்கள். பாடத்தைத் தாண்டிய வேலைகள் ஏராளம். இவை எல்லாம் உண்மை. ஆனால் சரியான விடையை அடிக்கும்படி இவற்றில் எதுவும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அடித்ததைத் திருத்தக் கணினியும் வேண்டாம், நேரமும் வேண்டாம். நேர்மை மட்டும் போதும். அது என்னிடம் இல்லை.

நான் மாறியது என் முயற்சியால் நடக்கவில்லை. பி.எட். படிக்கும் இளம்பெண் ஒருவர் கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வந்தார். லூப் பாடத்தை அவரிடம் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் ஃபார் என்றோ வைல் என்றோ தொடங்கவில்லை. பலகையில் ஏழு புள்ளி வைத்தார். "ஏழு புள்ளி, நாலு வரை, இடைப்புள்ளி. அடுத்த வரிசைல எத்தனை?" என்றார். வகுப்பே ஒரே குரலில் "ஆறு" என்றது. "அடுத்து?" "அஞ்சு." "எப்ப நிறுத்துவீங்க?" "நாலு வந்ததும்." வீட்டு வாசலில் தினமும் கோலம் போடுகிற பெண்கள். எங்கே தொடங்க வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும் என்ன மாறுகிறது, எங்கே நிற்க வேண்டும் என்ற மூன்றும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தன.

புள்ளிக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டு இதையே பைத்தானில் எழுதச் சொன்னார். ரேஞ்ச்(7, 4, -1) என்று எழுதினார்கள். திரையில் 7, 6, 5 என்று மூன்று வரிசைதான் வந்தது. "மிஸ், ஒரு வரிசை கம்மியா இருக்கு" என்று நாலைந்து பேர் கத்தினார்கள். அவர் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருத்தி 4 ஐ அழித்து 3 என்று போட்டாள். நான்காவது வரிசை வந்தது. கடைசி எண் உள்ளே வராது என்பதை நான் எத்தனை முறை ஒப்பிக்க வைத்திருக்கிறேன்! அவர்கள் அதை அன்று தாங்களாகவே கண்டுகொண்டார்கள். பிறகு இடைப்புள்ளிக்காக வரிசைகளைத் தள்ளி வைக்க வேண்டும். 7 இலிருந்து அந்த வரிசையின் புள்ளிகளைக் கழித்தால் வருவதே முன்னால் விட வேண்டிய இடைவெளி என்பதையும் அவர்களே பிடித்தார்கள். மேல் பாதிக்கு 4, 5, 6 என்று இன்னொரு லூப். மொத்தம் 37 புள்ளி. பாட வேளை முடிந்து மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வரவில்லை. மனப்பாடம் செய்த நிரல்களில் அது இல்லை. இத்தனை ஆண்டுகளில் ஒரு கணக்கைக் கையில் எடுத்து, அதற்காக ஒரு லூப்பை நானாக எழுதியதே இல்லை என்பது அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. கோலத்துக்கும் கணினி அறிவியலுக்கும் உள்ள உறவைச் சென்னையில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974 இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார்கள் என்று பிறகு படித்தேன். என் பாடத்தின் அருமையான எடுத்துக்காட்டு என் மாணவிகளின் விரல்களில் இருந்திருக்கிறது. நான் ஃபேக்டோரியலை ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கி, முதல் நாள் மாணவியைப் போல லூப்பைப் படித்தேன். லோகோ என்ற மொழியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சிறுவர்கள் நிரல் கற்பதற்காக 1967 இல் வாலி ஃபோர்சைக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் ஆகியோர் உருவாக்கியது. அதில் திரையில் இருக்கும் ஆமைக்குக் கட்டளை கொடுத்துப் படம் வரையலாம். 100 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு, இதை 4 முறை செய் என்றால் சதுரம். பைத்தானிலும் அதே ஆமை டர்ட்டில் என்ற பெயரில் இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டாம். எங்கள் லேப் கணினிகளிலும் அது இருந்திருக்கிறது. நான் திறந்து பார்த்ததில்லை.

முக்கோணம் வரைய முயன்றேன். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 தானே என்று 60 பாகை திருப்பி 3 முறை போட்டேன். படம் மூடவில்லை, அறுகோணத்தின் பாதியாக நின்றது. காரணம் புரியாமல் எழுந்து கூடத்துத் தரையில் நடந்து பார்த்தேன். ஒரு பக்கம் நடந்து முடித்து அடுத்த பக்கம் போக என் உடம்பு எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்தபோது விளங்கியது: உள்ளே இருக்கும் கோணம் 60, நான் திரும்ப வேண்டியது 120. முழுச் சுற்று 360. பக்கங்களின் எண்ணிக்கையால் அதை வகுத்தால் திரும்ப வேண்டிய அளவு கிடைக்கும். ஐங்கோணத்துக்கு 72. ஒரு பாகை வீதம் 360 முறை திரும்பினால் கண்ணுக்கு வட்டமே தெரிகிறது. குழந்தை தன்னை ஆமையின் இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று பாப்பர்ட் 1980 இல் வெளிவந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலில் விளக்கியிருக்கிறார். அதை நடுவயதில், வீட்டுக் கூடத்தில், நான் செய்தேன். மகிழ்ச்சியாக இருந்தது. இந்த மகிழ்ச்சியை எத்தனை பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் செய்தேன் என்ற எண்ணம் உடனே வந்து வாட்டியது.

அடுத்த கல்வியாண்டில் எல்ஸ் பாடம் வந்தபோது வகுப்பில் சொன்னேன். முந்தைய வகுப்புகளுக்கு இதைத் தவறாக நடத்தினேன், சரியாக எழுதிய மாணவிக்கு மதிப்பெண் குறைத்தேன், தெரிந்தும் திருத்தவில்லை என்று சொன்னேன். பிள்ளைகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வாரமே ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், லூப்புக்குள்ள லூப் இருக்கறப்ப உள்ள பிரேக் போட்டா ரெண்டும் நின்னுருமா?" எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. "தெரியலம்மா, போட்டுப் பாப்போம்" என்றேன். ஆசிரியையான பிறகு தெரியாது என்று முதன்முறையாகச் சொன்னேன். போட்டுப் பார்த்தோம். உள் லூப் மட்டும் நின்றது. வெளி லூப் அடுத்த சுற்றுக்குப் போனது. அந்த வகுப்பில் அதை இனி யாரும் மறக்க மாட்டார்கள். நானும்தான்.

இப்போது ரெக்கார்டு நோட்டில் அவுட்புட் பக்கம் லேபுக்குப் பிறகுதான் நிரம்புகிறது. இயக்கும் முன் என்ன வருமென்று ஒரு தாளில் எழுத வேண்டும்; இயக்கிய பின் வேறுபட்டால் எந்தச் சுற்றில் மாறியது என்று சொல்ல வேண்டும். பலகையில் கட்டம் போட்டு, சுற்று வாரியாக மாறிகளின் மதிப்பை ஒவ்வொருத்தியாக வந்து நிரப்புகிறார்கள். விசைப்பலகையை நான் தொடுவதில்லை. இதனால் பாடம் மெதுவாக நகர்கிறது. நகரட்டும்.

இதெல்லாம் பழைய வகுப்புகளுக்குப் போய்ச் சேராது. அந்த மாணவி படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்க வந்த நாளில் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். பி.காம். சேரப் போவதாகச் சொன்னாள். "கம்ப்யூட்டர் எனக்கு வராது மிஸ்" என்றாள். பி.காம். நல்ல படிப்பு; அவள் தேர்வில் எனக்குக் குறை இல்லை. ஆனால் அவள் சொன்ன காரணம் பொய். அது பொய் என்று அந்த இடத்தில் அறிந்திருந்தது நான் ஒருத்திதான். அப்போதும் பேசாமல் இருந்தேன். முதல் முறை வாய் திறக்காததைப் பயம் என்று சொல்லலாம். இரண்டாம் முறை மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை; அவள் பள்ளியை விட்டே போய்க்கொண்டிருந்தாள். ஆகையால் அதுதான் பெரிய தவறு.

அவள் இதைப் படிக்கக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன். நீ எழுதிய விடை சரி. நீ அதைப் போட்டுப் பார்த்தது அதைவிடச் சரி. உனக்குக் கம்ப்யூட்டர் வரும். வராமல் இருந்தது எனக்கு. அதை உன் மேல் ஏற்றினேன். என்னை மன்னிக்கச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உண்மை உன் கையில் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதினேன்.

என்னோடு பணிபுரியும் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து "போட்டுப் பாத்தேன், வேற மாதிரி வருது" என்று சொன்னால், பதில் சொல்வதற்கு முன் கணினியைத் திறங்கள். நாம் சொல்வது சரியா என்று உடனுக்குடன் காட்டிவிடும் பொருள் நம் வகுப்பறையிலேயே இருக்கிறது. வேறு பாட ஆசிரியர் பலருக்கு இந்த வசதி இல்லை. அதைப் பூட்டி வைத்துக்கொண்டு நம் சொல்லை நம்பச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். நான் செய்தேன். நீங்கள் செய்யாதீர்கள்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆசிரியர் சொன்னாலும், புத்தகத்தில் இருந்தாலும், லூப்பை ஒரு முறை நீங்களே இயக்கிப் பாருங்கள். திரையில் வேறு விடை வந்தால் அதை எழுதி எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். திட்டு விழுந்தால் மறுபடியும் கேளுங்கள்.